குதிரைகள் விட்டுப்போன பாதை

முதலில் ஒரு சாட்டை. பயணத் திட்டத்துக்கு அப்புறம் வருவோம்.

ஜெர்மனியின் தெற்குக் கோடியில், ஆல்ப்ஸ் மலை ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் இஸ்னி என்று ஒரு சின்ன ஊர். அங்கே டெத்லெஃப்ஸ் குடும்பத்துக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. குதிரைச் சாட்டை செய்வார்கள். கூடவே பனிச்சறுக்குக் கையுறை. ஊரெல்லாம் மோட்டார் வண்டி பெருகிக்கொண்டிருக்கும்போது சாட்டையை யார் வாங்குவார்கள்? குடும்பத்து வாரிசு அரிஸ்ட் டெத்லெஃப்ஸ் சரக்கைக் காரில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். கிளம்பினால் வாரக்கணக்கில் வீடு திரும்பமாட்டார். அவர் கட்டிக்கொள்ளப் போகிற பெண் ஃப்ரிடல் ஓர் ஓவியர். இது சரிப்படாது, நானும் கூட வருகிறேன், வழியில் உட்கார்ந்து படம் வரைந்துகொள்கிறேன், அதற்குத் தோதாக ஒரு வண்டி செய் என்றார்.

மனுஷன் செய்துவிட்டார். 1931ம் வருஷம். காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற சின்ன மர வீடு. படுக்க இடம், உட்கார இடம், ஜன்னல். 'வோன்ஆட்டோ' என்று பேர் வைத்தார். வீட்டுவண்டி என்று அர்த்தம். ஜெர்மனியின் முதல் கேரவன் என்று இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். சாட்டைத் தொழிற்சாலை கொஞ்ச காலத்தில் கேரவன் தொழிற்சாலையாகிவிட்டது.

இதே வட்டாரத்தில் இன்னொரு ஊர், பாட் வால்ட்ஸே. இரண்டாம் உலகப்போரின் கடைசி மாதங்களில் எரிஷ் பாஹெம் என்கிற பொறியாளர் அங்கே ஒரு விபரீதமான விமானம் செய்தார். மரத்தால் ஆனது. ராக்கெட் மாதிரி செங்குத்தாகக் கிளம்பும். 1945 மார்ச் 1 அன்று முதல்முறையாக ஆளை உட்காரவைத்து ஏவினார்கள். போனவர் உயிரோடு திரும்பவில்லை. போர் முடிந்தது. அதே பாஹெம் 1957ல் எர்வின் ஹைமர் என்ற இளைஞரோடு சேர்ந்து ஒரு கேரவனை வடிவமைத்தார். விமானத்தில் கற்றுக்கொண்ட எடைக்குறைப்பு வித்தையெல்லாம் வீட்டுவண்டிக்கு வந்து சேர்ந்தது. 1961ல் ஹைமர் அடுத்த படிக்குத் தாவினார். இழுக்கிற வண்டி எதற்கு? இன்ஜினையும் வீட்டையும் ஒன்றாகவே வைத்துவிட்டால்? ஆனால் அடிவண்டி தயாரித்துக் கொடுத்த நிறுவனம் அதே வருஷம் திவாலாகிவிட, நாலைந்து வண்டி தேறுவதற்குள் கதை நின்றுவிட்டது. பத்து வருஷம் கழித்துத்தான் மறுபடி சூடு பிடித்தது.

இப்போது நீங்கள் வாடகைக்கு எடுக்கப்போகிற மோட்டார்ஹோமுக்கு இதுதான் பூர்வீகம். சாட்டையும் ராக்கெட்டும்.

சைக்கிளுக்கும் குதிரைக்கும்கூட ஓர் உறவு உண்டு. 1817 ஜூன் 12. கார்ல் டிரைஸ் என்கிற பிரபு வீட்டு ஆசாமி மான்ஹைம் நகரத்திலிருந்து இரண்டு சக்கரம் வைத்த ஒரு மரச்சட்டத்தின்மேல் உட்கார்ந்து, காலால் தரையை உந்தி உந்தி ஓட்டிக்கொண்டு போனார். பெடல் கிடையாது. செயின் கிடையாது. ஊரே வேடிக்கை பார்த்தது. ஏன் இந்த வேலை? இந்தோனேசியாவில் 1815ல் தம்போரா எரிமலை வெடித்து, அதன் தூசி உலகத்தைச் சுற்றி வந்து, 1816ல் ஐரோப்பாவுக்குக் கோடைக்காலமே வராமல் போனது. பயிர் விளையவில்லை. மனிதனுக்கே சாப்பாடு இல்லை, குதிரைக்கு ஓட்ஸுக்கு எங்கே போவது? குதிரைக்கு மாற்று தேடித்தான் டிரைஸ் இதைச் செய்தார் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆதாரம் போதாது என்று மறுப்பவர்களும் உண்டு. எனக்கு முதல் கட்சிதான் பிடித்திருக்கிறது. காரணம், நாம் போகப்போகிற பாதை.

டான்யூப் நதி. ஜெர்மனியின் கருங்காட்டில் பிறந்து, பத்து நாடுகளைத் தொட்டுக்கொண்டு, சுமார் 2,850 கிலோமீட்டர் ஓடி, ருமேனியாவில் கருங்கடலில் கலக்கிறது. அவ்வளவும் வேண்டாம். பாஸாவ் என்கிற ஜெர்மானிய எல்லை ஊரிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரைக்கும், சுமார் 300 கிலோமீட்டர். நீங்கள் சைக்கிள் தொட்டுப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தாலும் பயப்படவேண்டாம். பாஸாவுக்கும் வியன்னாவுக்கும் நடுவே நதி மொத்தமாக இறங்குவது சுமார் 130 மீட்டர்தான். கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இல்லை. ஏற்றம் என்கிற பேச்சே கிடையாது. பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிற காற்று முதுகைத் தள்ளிக் கொடுக்கும். அதனால்தான் பாஸாவில் ஆரம்பிக்கச் சொல்கிறேன். எதிர்த்திசையில் போய் வீரம் காட்ட வேண்டாம்.

இவ்வளவு சமதளமாக, ஆற்றை ஒட்டினாற்போல ஒரு பாதையை சைக்கிள்காரர்களுக்காகப் போட்டுக் கொடுத்த புண்ணியவான் யார்? யாருமில்லை. அது குதிரைகளுக்காகப் போட்டது.

நீராவிக் கப்பல் வருகிறவரைக்கும் டான்யூபில் கீழே போவது சுலபம், மேலே வருவதுதான் பெரும்பாடு. ஆற்றோட்டத்தோடு போகிறவர்கள் சும்மா மிதந்துகொண்டே போய்விடலாம். உல்ம் நகரத்தில் பலகைகளை அடித்துச் சேர்த்து ஒரு படகு செய்வார்கள். 'உல்ம் பெட்டி' என்றே அதைக் கிண்டல் செய்வார்கள். 18ம் நூற்றாண்டில் ஹங்கேரிப் பக்கம் நிலம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆயிரக்கணக்கான ஜெர்மானியக் குடியானவர்கள் பெண்டு பிள்ளைகளோடு அந்தப் பெட்டிகளில் ஏறிப் போனார்கள். போய்ச் சேர்ந்ததும் படகைப் பிரித்து விறகாகவும் பலகையாகவும் விற்றுவிடுவார்கள். மறுபடி மேலே இழுத்து வருகிற செலவுக்குப் புதுப்படகே செய்துவிடலாம்!

ஆனால் உப்பு, திராட்சை மது, தானியம் இதெல்லாம் மேலேயும் வந்தாக வேண்டுமே? அதற்குத்தான் குதிரைகள். நாலைந்து பெரிய படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, தடிமனான வடத்தைக் கரைக்குக் கொண்டுவந்து, முப்பது நாற்பது குதிரைகளைப் பூட்டி இழுப்பார்கள். பெரிய வரிசையென்றால் அறுபது குதிரைகள். ஒவ்வொன்றின்மேலும் அல்லது இரண்டுக்கு ஒன்றாக ஓர் ஆள். படகில் சமையல்காரர் தனியாக. ஆறு திடீரென்று படகைப் பிடித்து இழுத்தால் வடத்தோடு சேர்ந்து குதிரையும் ஆளும் தண்ணீருக்குள். கரை செங்குத்தாக இருந்தால் மொத்தக் கூட்டத்தையும் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்ட வேண்டும். அந்தக் குதிரைகள் நடந்து நடந்து உண்டான பாதைக்கு 'ட்ரெப்பெல்வேக்' என்று பேர்.

1829ல் டான்யூப் நீராவிக் கப்பல் கம்பெனி வந்தது. (ஜெர்மன் மொழியில் மிக நீளமான வார்த்தை எது என்கிற ஜோக்குகளெல்லாம் இந்தக் கம்பெனியின் பெயரிலிருந்துதான் ஆரம்பிக்கும். அந்தக் கம்பெனியின் கப்பல் கேப்டனின் தொப்பி என்று ஒட்டிக்கொண்டே போவார்கள்.) அடுத்த வருஷமே வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்கு முதல் கப்பல் ஓடியது. கொஞ்ச நாளில் உலகத்தின் மிகப்பெரிய உள்நாட்டுக் கப்பல் கம்பெனிகளில் ஒன்று என்று அது பேர் வாங்க, குதிரைகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குப் போயின. பாதை மட்டும் மிச்சம். நதியைப் பராமரிக்கிற இலாகா ஆட்கள் அதில் போய் வந்துகொண்டிருந்தார்கள். 1980களில்தான் யாரோ ஒரு மகானுபாவனுக்கு யோசனை உதித்து, சைக்கிள் பாதை என்று போர்டு வைத்தார்கள். இன்றைக்கு ஐரோப்பாவிலேயே கூட்டம் அதிகம் வருகிற சைக்கிள் பாதைகளில் ஒன்று.

குதிரை போன பாதையில், குதிரைக்கு மாற்றாக வந்த சைக்கிள். பின்னாலேயே சாட்டைக்காரர் வீட்டு வண்டி. டிரைஸ் விஷயத்தில் நான் ஏன் கட்சி கட்டினேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, திட்டம். மியூனிக்கில் வண்டியை எடுங்கள். மூன்றரை டன்னுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் ஆஸ்திரியாவில் சாலைச்சுங்கக் கணக்கே வேறு. உள்ளே இருந்தால் 'வினியெட்' என்கிற சீட்டு ஒன்று வாங்கினால் போதும், நெடுஞ்சாலையில் போகலாம். வாங்காமல் போனால் அபராதம் தீட்டிவிடுவார்கள். சர்வதேச ஓட்டுநர் உரிமமும் ஷெங்கன் விசாவும் கையில் இருக்கட்டும். வண்டிக்குப் பின்னால் சைக்கிள் மாட்டுகிற சட்டம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வலதுபக்கம் ஓட்ட வேண்டும், அதுவும் ஏழு மீட்டர் நீள வண்டியை. முதல் நாள் யாருடைய பேச்சையும் கேட்காமல் மெதுவாகப் போங்கள்.

இந்தப் பயணத்தில் உள்ள ஒரே சிக்கல் இதுதான்: சைக்கிளில் ஐம்பது கிலோமீட்டர் போய்விட்டீர்கள், வண்டி ஐம்பது கிலோமீட்டருக்குப் பின்னால் நிற்கிறது! ஒருவர் வண்டியை ஓட்டிவர, மற்றவர்கள் மிதிக்கலாம். தினம் ஒருவர் தியாகம் செய்ய வேண்டும். குடும்பத்தில் அதற்கே ஒரு போர் நடக்கும். அதைவிட, பாஸாவ், லின்ஸுக்குக் கீழே ஏதாவது ஓர் ஊர், வாஹாவ் பள்ளத்தாக்கு, வியன்னா என்று நாலு இடத்தில் முகாம் போட்டு, நாள்தோறும் ஆற்றோடு சைக்கிளில் போய் ரயிலில் திரும்புவது உத்தமம். ரயிலில் சைக்கிளுக்குத் தனிச்சீட்டு வாங்கி ஏற்றலாம். கண்ட இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்க நினைக்காதீர்கள். அதற்கென்று இருக்கிற முகாம்களில்தான் தங்க வேண்டும்.

எப்போது போவது? ஏப்ரலில் வாஹாவில் சர்க்கரை பாதாமி மரங்கள் பூத்திருக்கும். ஜூலையில் பழம். கூட்டமும் அப்போதுதான். செப்டம்பர் நல்லது. ஜூனில் போனால் வானிலைச் செய்தியைப் பார்த்துக்கொண்டே போங்கள். பாஸாவில் டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று ஆறுகள் ஒரே இடத்தில் கூடுகின்றன. போட்டோவுக்கு அழகு. 2013 ஜூனில் மூன்றும் சேர்ந்து பொங்கியபோது தண்ணீர் கிட்டத்தட்ட 13 மீட்டரைத் தொட்டது. 1501க்குப் பிறகு அந்த ஊர் அப்படி ஒரு வெள்ளம் பார்த்ததில்லை.

பாஸாவை விட்டுக் கிளம்பியதும் கரையில் இருக்கிற கிலோமீட்டர் எண்களைக் கவனியுங்கள். 2,200 சொச்சம் இருக்கும். போகப் போகக் குறையும். சில நதிகளை மேலிருந்து கீழ்நோக்கி அளப்பார்கள். டான்யூபைக் கடலிலிருந்து மேல்நோக்கி அளக்கிறார்கள். ஷ்லோகன் என்ற இடத்தில் நதி கடினமான பாறையில் மோதி, கிட்டத்தட்ட வந்த வழியே திரும்பி வளைகிறது. மேலே ஏறிப் பாருங்கள். அவ்வளவுதான், அடுத்து எஃபர்டிங்.

எஃபர்டிங் சின்ன ஊர். நிறையப் பேர் நிற்காமல் போய்விடுவார்கள். நீங்கள் நில்லுங்கள். 1613 அக்டோபரில் இங்கே ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்கு அது இரண்டாம் தாரம். பேர் யோஹான்னஸ் கெப்ளர். ஆமாம், கிரகங்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று சொன்ன அதே கெப்ளர்தான். அப்போது லின்ஸில் கணித ஆசிரியர் வேலை. அந்த வருஷம் திராட்சை அமோக விளைச்சல். கீழ் ஆஸ்திரியாவிலிருந்து (ஆம், குதிரைகள் இழுத்து!) மது பீப்பாய்கள் வந்து லின்ஸ் கரையில் குவிந்து கிடந்தன. நல்ல குடும்பஸ்தராகக் கெப்ளரும் வீட்டுக்கு வாங்கினார். வியாபாரி ஒரு குச்சியைப் பீப்பாயின் நடுத்துளை வழியாகச் சாய்வாக உள்ளே விட்டு, அடிமூலையைத் தொடும்வரை இறக்கி, குச்சியில் எந்தக் கோடுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்து, இவ்வளவு கொள்ளளவு, இவ்வளவு காசு என்று சொல்லிவிட்டார். எல்லாப் பீப்பாய்க்கும் ஒரே குச்சி.

கெப்ளருக்கு அன்றிரவு தூக்கம் போயிருக்க வேண்டும். குட்டையாகக் குண்டாக ஒரு பீப்பாய், நீளமாக ஒல்லியாக இன்னொரு பீப்பாய். இரண்டிலும் குச்சி ஒரே அளவு காட்டலாமே? உள்ளே இருக்கிற மது ஒரே அளவாகுமா? ஆகாது. உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார். பீப்பாயை மெல்லிய மெல்லிய வட்டத் தகடுகளாக மனத்துக்குள் நறுக்கி, ஒவ்வொன்றின் கொள்ளளவையும் கூட்டினார். 1615ல் மது பீப்பாய்களின் கன அளவு பற்றி லத்தீனில் ஒரு புத்தகமே வெளியிட்டுவிட்டார். நியூட்டனும் லைப்னிட்ஸும் பிற்பாடு செதுக்கிய நுண்கணிதத்துக்கு அது ஒரு முன்னோடி. நீங்கள் பிளஸ் டூவில் தொகையீட்டுக் கணக்கோடு மல்லுக்கட்டியிருந்தால், பழியில் ஒரு பங்கு இந்த லின்ஸ் கரைக்கு. கடைசியில் கெப்ளர் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? ஆஸ்திரியாக்காரர்கள் பீப்பாய் செய்கிற விகிதத்துக்கு அந்தக் குச்சி பெரிய தப்புப் பண்ணாது! வியாபாரி ஏமாற்றவில்லை.

லின்ஸை விட்டால் அடுத்து மௌட்ஹவுசன். இதைத் திட்டத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டும். பாதை ஊருக்குள் போகிறது. ஆற்றங்கரையில் வண்ணம் பூசிய வீடுகள், ஐஸ்க்ரீம் கடை. முகாம் அங்கே இல்லை. நாலைந்து கிலோமீட்டர் குன்றின்மேல் ஏற வேண்டும். இந்த முன்னூறு கிலோமீட்டரில் நிஜமான ஏற்றம் இது ஒன்றுதான். ஏறாமல் போகிறவர்கள் நிறைய.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். ஐந்தே மாதத்தில், ஆகஸ்டில், டாஹௌ முகாமிலிருந்து முதல் கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். ஏன் இந்த ஊர்? கிரானைட். வியன்னாவின் வீதிகளுக்குக் கல் போனது இங்கே இருந்த குவாரியிலிருந்துதான். குவாரி வியன்னா நகராட்சியின் சொத்து. ஹிட்லருக்கோ லின்ஸ் சொந்த ஊர் மாதிரி, படித்து வளர்ந்த இடம். அதைப் பிரம்மாண்டமாகக் கட்ட வேண்டும் என்று கனவு. அதற்குக் கல் வேண்டும். கல்லுடைக்கக் கைதி வேண்டும். குவாரியிலிருந்து மேலே வர 186 படிகள். முதுகில் கல்லோடு ஏற வேண்டும். விழுந்தவர்கள் பின்னால் வருகிறவர்களையும் உருட்டிக்கொண்டு விழுந்தார்கள். 1945 மே 5 அன்று அமெரிக்கப் படை வருகிறவரைக்கும் மௌட்ஹவுசனிலும் அதன் கிளை முகாம்களிலும் அடைக்கப்பட்டவர்கள் சுமார் 1,90,000 பேர். குறைந்தது 90,000 பேர் உயிரோடு வெளியே வரவில்லை.

ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா? தெரியும். 1941ல் குவாரிக்குப் பக்கத்தில் வசித்த ஒரு விவசாயப் பெண்மணி போலீசுக்கு ஒரு புகார் எழுதினார். கைதிகளைச் சுடுகிறார்கள், சுடப்பட்டவர்கள் சாகாமல் மணிக்கணக்கில் அங்கேயே கிடக்கிறார்கள், பார்க்கப் பார்க்க உடம்புக்கு முடியவில்லை என்று. இந்த மாதிரிக் காரியங்களை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கண்ணில் படாத இடத்தில் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்தக் கடிதத்தை எத்தனைமுறை யோசித்தாலும் எனக்குத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் அவ்வளவு எழுதுவதற்கே துணிச்சல் வேண்டும். ஆனால் அந்த 'இல்லாவிட்டால்' இருக்கிறதே...

1945 பிப்ரவரி 2ம் தேதி விடிவதற்கு முன். உறையவைக்கும் குளிர். சோவியத் ராணுவ அதிகாரிகளைப் பட்டினி போட்டே கொல்வதற்கென்று தனியாக ஒரு கொட்டடி இருந்தது. அதிலிருந்து 400க்கு மேற்பட்டவர்கள் தீயணைப்புக் கருவிகளை ஆயுதமாக்கிக்கொண்டு, மின்சாரம் பாயும் வேலிமேல் ஈரப் போர்வைகளைப் போட்டு, சுவர் ஏறிக் குதித்து ஓடினார்கள். காலில் செருப்புகூட இல்லை. எஸ்.எஸ். படை சுற்று வட்டார ஜனங்களைக் கூப்பிட்டது. முதியவர்கள், பையன்கள், தீயணைப்புத் தொண்டர்கள் எல்லாரும் துப்பாக்கியோடும் கவைக்கோலோடும் கிளம்பினார்கள். அதற்கு 'முயல் வேட்டை' என்று பேர் வைத்தார்கள். தப்பிப் பிழைத்ததாகத் தெரிகிறவர்கள் 11 பேர்.

அந்தப் பதினொன்றில் இரண்டு பேர் ஒரு விவசாயக் குடும்பத்துக் கதவைத் தட்டினார்கள். லாங்தாலர் குடும்பம். அம்மா மரியா. அவருடைய மகன்கள் ஜெர்மன் ராணுவத்தில், போர்முனையில். அதே ரஷ்யர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வீட்டைச் சோதனை போட நாய்களோடு வந்தார்கள். மாட்டிக்கொண்டால் குடும்பமே காலி. மரியா அவர்களை வைக்கோலுக்குள் ஒளித்தார். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, மூன்று மாதம். அமெரிக்கர்கள் வருகிறவரைக்கும். இந்தக் கதையை 1994ல் 'ஹாஸன்யாக்ட்' என்று படமாகவும் எடுத்தார்கள். முடிந்தால் கிளம்புவதற்கு முன்னால் பாருங்கள்.

போகிறதென்றால் அரை நாள் ஒதுக்குங்கள். அன்றைக்கு வேறெதையும் திட்டத்தில் வைக்காதீர்கள். சின்னக் குழந்தைகளுக்கான இடமில்லை. யாராவது ஒருவர் கீழே ஐஸ்க்ரீம் கடையில் பிள்ளைகளோடு இருக்கலாம். பக்கத்தில் குசன் என்று இன்னொரு முகாம் இருந்தது, மௌட்ஹவுசனுக்குச் சளைக்காத கொடுமை. போருக்குப் பிறகு அதன்மேல் வீட்டு மனை போட்டு வீடு கட்டிவிட்டார்கள். முகாமின் நுழைவு வாயில் கட்டடமே ஒரு தனியார் பங்களா ஆனது. அந்த நிலத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் வாங்கி நினைவிடத்தோடு சேர்ப்பதற்கு 2020களே வந்துவிட்டது.

அடுத்து வரும் கிரைனில் ஒரு காலத்தில் சுழலும் பாறையுமாக இருந்த இடம், படகுக்காரர்களுக்குச் சிம்மசொப்பனம். பாறைகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1959ல் இப்ஸ் அணை முடிந்ததும் சுழல் எல்லாம் அடங்கி ஏரி மாதிரி ஆகிவிட்டது. அங்குள்ள கோட்டையில் கப்பல் போக்குவரத்து அருங்காட்சியகம் இருக்கிறது. குதிரை இழுத்த படகு வரிசையின் மாதிரிகளை அங்கே பார்க்கலாம். மெல்க் மடாலயம் தூரத்திலிருந்தே மஞ்சளாக மினுக்கும். 1089லிருந்து துறவிகள் இருக்கிறார்கள். இப்போதுள்ள கட்டடம் 18ம் நூற்றாண்டு. நூலகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், உள்ளே தங்கம் கொஞ்சம் ஜாஸ்தி.

மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை முப்பத்தைந்து கிலோமீட்டர் வாஹாவ் பள்ளத்தாக்கு. யுனெஸ்கோ 2000ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்த இடம். இதற்கு மட்டும் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வில்லன்டார்ஃப். 1908ல் இங்கே ரயில்பாதைக்குத் தோண்டியபோது, பதினொரு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கல் பொம்மை கிடைத்தது. குண்டான பெண். முகமே இல்லை, தலை முழுக்கப் பின்னல் மாதிரி சுற்றுச் சுற்றாக ஏதோ. வயது சுமார் 30,000 வருஷம். கல் இந்த ஊர்க் கல்லே இல்லை. வட இத்தாலியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று 2022ல் ஒரு ஆய்வு சொன்னது. ஆல்ப்ஸுக்கு அந்தப்பக்கத்திலிருந்து, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி நடந்தே வந்திருக்கிறாள். நிஜ பொம்மை வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில்.

பக்கத்திலேயே ஷ்பிட்ஸில் ஒரு படகுத்துறை. இன்ஜின் கிடையாது. குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆற்றின் வேகத்திலேயே சாய்வாக அக்கரைக்குப் போகும். சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். சத்தமே இல்லாமல் போகும், தவறவிடாதீர்கள்.

இனி ட்யூர்ன்ஸ்டைன். குன்றின்மேல் இடிந்த கோட்டை. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு அரை மணி நேரம் ஏறினால், இங்கிலாந்தின் மன்னர் ஒருவர் கைதியாக இருந்த இடத்துக்கு வரலாம்.

1191. மூன்றாம் சிலுவைப்போர். அக்கர் நகரம் விழுந்ததும் வெற்றி பெற்றவர்கள் கோட்டைமேல் கொடி ஏற்றினார்கள். ஆஸ்திரியாவின் லியோபோல்டும் தன் கொடியை ஏற்றினார். அவரிடம் இருந்ததோ சின்னப் படை. நீ யாரடா எங்களுக்குச் சமமாக என்று இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டின் ஆட்கள் அந்தக் கொடியைப் பிடுங்கிக் கீழே எறிந்தார்கள். லியோபோல்ட் ஒன்றும் பேசாமல் ஊர் திரும்பிவிட்டார். மறக்கவில்லை.

அடுத்த வருஷம் ரிச்சர்ட் ஊர் திரும்பும்போது கப்பல் சேதமாகி, ஏட்ரியாட்டிக் கரையில் ஒதுங்கினார். தரைவழியாகப் போக வேண்டும். வேறு வழியில்லாமல் நுழைந்தது லியோபோல்டின் நாடு! மாறுவேஷம். 1192 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு, வியன்னாவுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். சிங்க நெஞ்சன் என்று பேர் எடுத்தவரை ட்யூர்ன்ஸ்டைனுக்குக் கொண்டுவந்து பூட்டினார்கள். ப்ளான்டல் என்ற பாடகன் கோட்டை கோட்டையாகப் போய்ப் பாடினான், ரிச்சர்ட் உள்ளேயிருந்து எதிர்ப்பாட்டுப் பாடினார் என்றெல்லாம் சொல்வார்கள். அழகான கட்டுக்கதை. ரிச்சர்ட் எங்கே இருக்கிறார் என்பது பாடகனின் உதவி இல்லாமலே ஐரோப்பாவுக்குத் தெரியும். பேரம் பேசுவதே அதை வைத்துத்தானே!

சில மாதங்களில் லியோபோல்ட் கைதியைப் பேரரசர் ஆறாம் ஹென்றியிடம் ஒப்படைத்தார், பங்கு பேசிக்கொண்டுதான். மீட்புத்தொகை 1,50,000 மார்க் வெள்ளி. முதல் தவணை 1,00,000 மார்க் என்றாலே சுமார் 23 டன். இங்கிலாந்தில் ஒவ்வொருவரும் வருமானத்தில் நாலில் ஒரு பங்கு கட்ட வேண்டும் என்று உத்தரவு. தேவாலயங்களின் வெள்ளிப் பாத்திரங்கள், துறவிகள் வளர்த்த ஆடுகளின் ஒரு வருஷத்துக் கம்பளி எல்லாம் போயிற்று. ரிச்சர்டின் தாயார் எலியனோர், எழுபதை நெருங்கிய அந்த அம்மாள், முன்நின்று வசூலித்தார். சொந்தத் தம்பி ஜானோ, அண்ணனை இன்னும் கொஞ்ச நாள் உள்ளேயே வைத்திருங்கள், நாங்கள் பணம் தருகிறோம் என்று பிரெஞ்சு மன்னரோடு சேர்ந்து எதிர்பேரம் பேசிக்கொண்டிருந்தார். 1194 பிப்ரவரியில்தான் விடுதலை.

லியோபோல்டுக்குக் கிடைத்த வெள்ளியில் வியன்னாவின் மதில் விரிவானது. வீனர் நாய்ஷ்டாட் என்று ஒரு புது நகரமே உருவானது. சிலுவைப்போர் வீரனைப் பிடித்துவைத்த குற்றத்துக்காகப் போப் அவரை மதத்தை விட்டு விலக்கினார். 1194 கடைசியில் குதிரை கால்மேல் விழுந்து, புண் புரையோடி, காலை எடுக்க வேண்டி வந்தது. டிசம்பர் 31ல் இறந்துபோனார். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே பாவமன்னிப்புக் கிடைத்தது. சுவராக எழுந்துவிட்ட பணத்தை எங்கே திருப்புவது? எலிசபெத் காலத்துக் கதை இல்லை இது, 800 வருஷத்துக்கு முந்தின இங்கிலாந்துக் குடியானவன் காசு. வியன்னாவில் நடக்கும்போது கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிரெம்ஸுக்கு அப்புறம் பள்ளத்தாக்கு விரிந்து சமவெளி. போரடிக்கும் என்பார்கள். தென்கரையிலேயே போங்கள். ட்ஸ்வென்டன்டார்ஃப் என்ற ஊர் வரும். வாயில் நுழையாத பேர். ஆற்றங்கரையில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கட்டடம், உயரமான புகைபோக்கி. அணுமின் நிலையம். எல்லாம் கட்டி முடித்துவிட்டார்கள். சுவிட்சைப் போட வேண்டியதுதான் பாக்கி. எதிர்ப்பு வலுக்க, பிரதமர் புரூனோ க்ரைஸ்கி, சரி, ஜனங்களையே கேட்டுவிடுவோம் என்றார். ஜெயித்துவிடுவோம் என்று நம்பிக்கை. 1978 நவம்பர் 5ல் நாடு முழுக்க வாக்கெடுப்பு. வேண்டாம் என்றவர்கள் 50.47 சதவிகிதம். சுமார் 30,000 ஓட்டு வித்தியாசம். அவ்வளவுதான், மூடியாயிற்று. அடுத்த மாதமே ஆஸ்திரியாவில் அணுமின்சாரமே கூடாதென்று சட்டம் போட்டார்கள். க்ரைஸ்கி பதவியை விட்டுப் போய்விடுவார் என்று பார்த்தால், மறுவருஷத் தேர்தலில் முன்னைவிட அதிக ஓட்டில் ஜெயித்தார்!

ஆனால் மின்சாரம் வேண்டுமே. பக்கத்திலேயே ட்யூர்ன்ரோரில் நிலக்கரி எரிக்கிற மின்நிலையம் கட்டினார்கள். 2019 வரைக்கும் அங்கே நிலக்கரி எரிந்தது. அந்த 30,000 ஓட்டைக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் கரியைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். ஓடாத அணு உலையின் வளாகத்தில் இப்போது சூரிய மின்தகடுகள் இருக்கின்றன. மற்ற அணுமின் நிலையங்களின் ஊழியர்கள் பயிற்சிக்கு வந்து போகிறார்கள். கதிர்வீச்சே இல்லாத அணு உலைக்குள் போய்ப் பழக இதைவிட்டால் வேறெங்கே கிடைக்கும்? உள்ளே சுற்றிப் பார்க்க முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

அங்கிருந்து டுல்ன், அப்புறம் ஆற்றோடு ஒரு வளைவு, வியன்னா. ரைஷ்ப்ரூக்கெ பாலத்தடியில் 1,929 என்று கிலோமீட்டர் கணக்கு வந்திருக்கும். இன்னும் அவ்வளவு தூரம் இருக்கிறது கடலுக்கு. நகரத்துக்குள் வண்டியைக் கொண்டுபோகாமல் வெளியே முகாமில் விட்டுவிட்டு சைக்கிளிலேயே நுழையுங்கள். மியூனிக் திரும்ப 400 கிலோமீட்டருக்கு மேல், கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்து கழுவித்தான் வண்டியை ஒப்படைக்க வேண்டும். அதற்கு ஒருநாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.